இரண்டு பெயர் வைத்த காய்ச்சல்

(மருதமுனையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மலேரியா, தைபொயிட் என்ற நெருப்புக்காய்ச்சல், எய்ட்ஸ் மூன்றும்தான் தலைப்பு என்று கேட்டதும் ஏற்பாட்டாளர்களில் ஒருவருக்கு முகம் கொஞ்சம் மாறியது. "டொக்டர், மலேரியா நாட்டை விட்டுப் போய்ப் பத்து வருஷத்துக்கு மேலாச்சி. எய்ட்ஸ் எங்கட ஊர்ல மேடையில பேசுற விசயமில்ல. நெருப்புக்காய்ச்சல மட்டும் பேசினா என்ன?" என்றார். மரியாதையோடுதான் கேட்டார். அவர் சொன்ன இரண்டும் உண்மை. அதனாலேயே இந்தத் தலைப்பை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. மறந்துபோன நோய், வெளியே பேசாத நோய், கண்ட காய்ச்சலுக்கெல்லாம் பெயர் கொடுக்கும் நோய் என்று மூன்று. இவை ஒரே உடம்பில் சந்தித்தால் என்ன நடக்கும் என்பதுதான் இன்றைய பேச்சு. மருத்துவரே காவியம் பாடிய ஊர் இது. ஜின்னாஹ் ஷரிபுத்தீன் பிறந்த மண்ணில் நான் பேசும் தமிழ் ஆய்வுகூடத்து வாடை வீசும். பொறுத்தருளுங்கள்.

முதலில் மறந்துபோன நோய். இந்த அவையில் அறுபதைத் தாண்டியவர்களுக்கு மலேரியா என்றால் என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை. வயற்பக்கம் போய் வந்த வாப்பா போர்வைக்கு மேல் போர்வை போட்டும் கட்டில் ஆட நடுங்கியது உங்களுக்கு ஞாபகமிருக்கும். விரல் நுனியில் குத்திக் கண்ணாடித் துண்டில் இரத்தம் எடுத்ததும், நாக்கில் ஒட்டிய குளோரோகுயின் கசப்பும், சுவருக்கு மருந்தடிக்க வந்தவர்களும் ஞாபகமிருக்கும். இலங்கையின் மலேரியாக் கதை உலகத்துப் பாடநூல்களில் இருக்கிறது. 1934 இல் மழை பொய்த்து, ஓடிக்கொண்டிருந்த ஆறுகள் குட்டை குட்டையாகத் தேங்கின. தெதுறு ஓயா, மகா ஓயாக் கரைகளில் நுளம்பு பெருகியது. கேகாலை, குருநாகல் பக்கத்து மக்களுக்கு இந்த நோயோடு பழகிய எதிர்ப்புச் சக்தி இருக்கவில்லை. 1935 முடிவதற்குள் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். பிறகு டி.டி.ரி. என்ற பூச்சிகொல்லி வந்தது. 1963 இல் நாடு முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர் மட்டுமே. வென்றுவிட்டோம் என்று கையைத் துடைத்துக்கொண்டோம். ஐந்து வருடம் கழித்து நோயாளர் தொகை இலட்சக்கணக்கில் திரும்பி வந்தது. 1999 இல் கூட 264,549 பேர்.

யுத்த காலத்தில் இரண்டு பக்கமும் மலேரியா ஊழியர்களுக்கு வழிவிட்டது நமது வரலாற்றில் அதிகம் பேசப்படாத நல்ல செய்தி. இந்த நாட்டிலேயே தொற்றிய கடைசி நோயாளர் 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அதே வருடம் டிசெம்பரில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற நுளம்பைக் கண்டுபிடித்தார்கள். இந்தியாவின் நகரங்களில் மலேரியா பரப்பும் இனம் அது. சேற்றையும் வாய்க்காலையும் தேடி அலையாது. கிணறும் சீமெந்துத் தொட்டியும் அதற்குப் போதும். வீட்டுக்கு ஒரு கிணறு உள்ள இந்தக் கரையோரத்தில் அதைக் கேட்டுச் சிரிக்க முடியாது.

2018 டிசெம்பரில் மொனராகலையில் ஒருவருக்கு மலேரியா வந்தது. அவர் வெளிநாடு எதற்கும் போனவரல்ல. இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்த ஒருவரின் இரத்தத்திலிருந்து நம் நாட்டு நுளம்பு எடுத்துக் கொடுத்த நோய் அது. உடனே கண்டுபிடித்து அந்த ஒன்றோடு நிறுத்தினார்கள். மற்றபடி இப்போது இங்கே காணும் மலேரியா ஏறத்தாழ முழுவதும் விமானத்தில் வருவது. மடகஸ்காருக்கும் மொசாம்பிக்குக்கும் மாணிக்கக் கல் வாங்கப் போகிறவர்கள், ஐ.நா. அமைதிப்படையில் ஆபிரிக்கா போய்த் திரும்பும் படையினர், இந்தியாவுக்கு யாத்திரையும் வியாபாரமுமாகப் போய் வருகிறவர்கள் கொண்டு வருகிறார்கள். கனடா போகலாம் என்று ஏஜென்சிக்காரரை நம்பி மேற்கு ஆபிரிக்காவில் சிக்கிக்கொண்டு திரும்பி வந்த 287 பேரைச் சோதித்தபோது 32 பேருக்கு மலேரியா இருந்தது. அந்தப் பயணங்களில் எந்த ஊர்ப் பிள்ளைகள் போனார்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. வடக்கிலும் கிழக்கிலும் உள்ள எல்லோருக்கும் தெரியும்.

இனி, கண்ட காய்ச்சலுக்கெல்லாம் பெயர் கொடுக்கும் நோய்.

ஆபிரிக்காவில் சில நாடுகளில், காய்ச்சலோடு சிறிய கிளினிக்குக்குப் போனால் கையில் கிடைக்கும் துண்டில் மலேரியா, தைபொயிட் என்று இரண்டும் சேர்த்து எழுதியிருக்கும். அங்கே அது கிட்டத்தட்ட ஒரே நோயின் பெயர்போலப் புழங்குகிறது. இரண்டுக்கும் சேர்த்து மருந்து கொடுப்பார்கள். நோயாளி குணமானால் எந்த மருந்து குணமாக்கியது என்று யாருக்கும் தெரியாது. குணமாகாவிட்டால் மருந்தை மாற்றுவார்கள்.

இந்தப் பழக்கம் ஆபிரிக்கா கண்டுபிடித்ததல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வட படையின் மருத்துவர் ஜோசப் வுட்வர்ட், 1862 இல், முகாம்களில் கண்ட காய்ச்சலுக்கு டைஃபோ-மலேரியல் காய்ச்சல் என்று பெயர் வைத்தார். இரண்டின் குணமும் கலந்த தனி நோய் ஒன்று என்று மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியது. அவரைக் குறைசொல்ல முடியாது. கிருமியே தெரியாத காலம் அது. 1880 இல் அல்ஜீரியாவின் கொன்ஸ்தந்தீன் நகரத்தில் லவெரான் நோயாளியின் இரத்தத்தில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். அதே வருடத்தில் ஜெர்மானியரான எபெர்த் தைபொயிட் பக்டீரியாவைக் கண்டார். இரண்டு கிருமிகளும் தனித்தனியே கண்ணுக்குத் தெரிந்த பிறகு கலப்புக் காய்ச்சல் என்ற கதை மெல்லச் செத்தது. ஒரு நோயாளிக்கு இரண்டும் ஒன்றாக வரலாம். ஆனால் அது எப்போதாவது நடப்பது.

செத்த கதையை உயிர்ப்பித்தது இன்னொரு கண்டுபிடிப்பு என்பதுதான் வேடிக்கை. 1896 இல் பாரிசில் ஃபெர்னான் வைடால், நோயாளியின் இரத்த நீரைத் தைபொயிட் கிருமியோடு கலந்தால் கிருமிகள் திரளும் என்று காட்டினார். நம் ஆய்வுகூடத் துண்டுகளில் எஸ்.ஏ.டி. என்று எழுதி வருவது இந்தக் குடும்பத்துப் பரிசோதனைதான். செலவு குறைவு, பெரிய கருவி வேண்டாம், முடிவும் சீக்கிரம் வரும். அது தேடுவது கிருமியை அல்ல. கிருமிக்கு எதிராக உடம்பு செய்து வைத்த எதிர்ப்பொருளை. வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்து ஆள் உள்ளே இருக்கிறார் என்று சொல்வதுபோல. செருப்பு போன வருடம் வந்தவருடையதாக இருக்கலாம். பக்கத்து வீட்டாருடையதாகவும் இருக்கலாம், ஏனென்றால் தைபொயிட்டின் ஒன்றுவிட்ட சகோதரக் கிருமிகளும் அதே எதிர்ப்பொருளைக் கிளப்பும். மலேரியா இன்னும் ஒரு படி மேலே போகிறது. மலேரியா பிடித்த உடம்பு கண்மண் தெரியாமல் பலவகை எதிர்ப்பொருள்களை உற்பத்தி செய்யும். அந்த நெரிசலில் வைடால் பொசிட்டிவ் ஆகிவிடும், தைபொயிட் கிருமி ஒன்றுகூட இல்லாமலேயே. இரத்தத்தை வளர்ப்பூடகத்தில் இட்டு உண்மையில் கிருமி வளர்கிறதா என்று பார்த்த ஆய்வுகளில், வைடால் சொன்ன இரட்டைத் தொற்றுகளில் பெரும்பகுதி காணாமற் போனது.

எய்ட்ஸை உண்டாக்கும் எச்.ஐ.வி. உள்ளவரிடம் வைடால் பரிசோதனை எதிர்ப்பக்கமும் சாயும். எதிர்ப்பொருள் செய்யும் தொழிற்பாடே பழுதடைந்திருப்பதால், கிருமி இரத்தத்தில் இருக்கும்போதே வைடால் நெகட்டிவ் வரக்கூடும். ஆக, மலேரியா உள்ளவரிடம் இல்லாததை இருக்கிறது என்றும், எச்.ஐ.வி. முற்றியவரிடம் இருப்பதை இல்லை என்றும் சொல்லக்கூடிய ஒரு பரிசோதனை, இரண்டும் சேர்ந்த ஒருவரிடம் எதைச் சொன்னாலும் நம்புவதற்கில்லை. இதைச் சொன்னால் சில நண்பர்களுக்குக் கோபம் வரும். "வேற என்னத்தப் போய்ப் பாக்கிற?" என்பார்கள். இரத்த வளர்ப்பு இருக்கிறது. அதுவும் பூரணமானதல்ல, தைபொயிட் உள்ள பத்துப் பேரில் ஆறு பேரைத்தான் பிடிக்கும். ஆனால் பிடித்ததென்றால் அது கிருமியேதான், எந்த மருந்துக்கு மசியும் என்றும் சேர்த்துச் சொல்லும். அதற்கு ஒரேயொரு நிபந்தனை, அன்டிபயோட்டிக் விழுங்கும் முன்னர் இரத்தம் எடுக்க வேண்டும். பாமசியில் நின்று, "காய்ச்சலுக்கு நல்ல குளிசை நாலு தாங்க" என்று வாங்கிப் போட்டுவிட்டு மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு வருகிறவரிடம் நாங்கள் எதைத் தேடுவது?

இவ்வளவு நேரம் பொய்யான இரட்டையரைப் பேசினேன். உண்மையான இரட்டையர் உண்டு. அதுதான் எனக்கு இந்த விடயத்தில் தூக்கம் கெடுக்கும் பகுதி.

சல்மொனெல்லா ஒரு பெரிய குடும்பம். அதில் தைபொயிட் கிருமி ஒன்று. மற்றவை பெரும்பாலும் கோழி, முட்டை, ஆடு, மாடு வழியாக வந்து இரண்டு நாள் வயிற்றாலடித்துவிட்டுப் போகும். ஆரோக்கியமானவரின் குடலைத் தாண்டி அவை இரத்தத்துக்குள் போவது அரிது. மலேரியா உள்ளவரிடமும் எச்.ஐ.வி. உள்ளவரிடமும் அவை தாண்டுகின்றன. பிரித்தானிய கயானாவில், தென்னிந்தியாவிலிருந்தும் கூலிகள் போய்ச் சேர்ந்த அந்தக் கரும்புத் தோட்ட நாட்டில், ஜார்ஜ் ஜிலியோலி என்ற இத்தாலிய மருத்துவர் ஏறத்தாழ நூறு வருடத்துக்கு முன்பே பராதைபொயிட் சி என்ற கிருமி மலேரியாவின் வாலைப் பிடித்துக்கொண்டே வருவதைக் கவனித்தார். நம் காலத்தில் காம்பியாவில் மலேரியா குறையக் குறைய, குழந்தைகளின் இரத்தத்தில் தைபொயிட் அல்லாத சல்மொனெல்லாவும் கூடவே குறைந்தது. அதற்கென்று யாரும் தனியாக எதுவும் செய்யவில்லை.

ஏன் என்பதற்கு 2011 இல் லண்டன் ஆய்வாளர்கள் எலிகளில் ஒரு விடை கண்டார்கள். மலேரியா ஒட்டுண்ணி சிவப்பணுக்களை உடைக்கிறது. உடைந்த அணுவிலிருந்து ஹீம் என்ற இரும்புச் சேர்மம் சிந்துகிறது. அது உடம்புக்கு நஞ்சு, ஆகவே அதைச் சிதைக்க உடம்பு ஒரு நொதியத்தை முடுக்கிவிடுகிறது. தன்னைக் காப்பாற்றச் செய்யும் அந்தக் காரியமே வெள்ளணுக்களின் கையைக் கட்டிவிடுகிறது. கிருமியை விழுங்கும் வெள்ளணு அதைச் சுட்டெரிக்கும் இரசாயனத்தைச் செய்ய முடியாமல், விழுங்கிய சல்மொனெல்லாவைத் தன் வயிற்றிலேயே வளர்க்கத் தொடங்குகிறது. எச்.ஐ.வி. வேறு வழியில் வந்து அதே இடத்தைச் சேர்கிறது. குடற்சுவரைக் காவல் காக்கும் சி.டி.4 அணுக்களை அது முதலிலேயே அழிக்கிறது. காவல் போன சுவர் வழியே கிருமி உள்ளே வருகிறது, உள்ளே வந்ததைக் கொல்ல வேண்டிய அணுக்களுக்கும் கட்டளை வருவதில்லை.

மலாவியின் பிளன்டையர் ஆஸ்பத்திரியில், எச்.ஐ.வி. மருந்து எட்டாத காலத்தில், இந்தக் கிருமி இரத்தத்தில் கண்ட வயதுவந்தோரில் ஏறக்குறையப் பாதிப்பேர் வார்டிலேயே இறந்தார்கள். பிழைத்தவர்களில் பலருக்கு அது திரும்பத் திரும்ப வந்தது. அவர்களில் ஏறத்தாழ எல்லோருக்கும் எச்.ஐ.வி. இருந்தது. திரும்பத் திரும்ப வரும் சல்மொனெல்லா இரத்தத் தொற்று எய்ட்ஸின் அடையாள நோய்களில் ஒன்றாக எண்ணப்படுவது இதனால்தான். வயிற்றோட்டம்கூட இல்லாமல் வெறும் காய்ச்சலாக, மண்ணீரல் வீங்கி, அசல் மலேரியா போலவே வரும். மலேரியாவும் உண்மையில் கூட இருந்தால், இரத்தத் துண்டில் ஒட்டுண்ணியைக் கண்ட டொக்டர், விடை கிடைத்துவிட்டது என்று அதோடு நிறுத்திவிடுவார். நோயாளி இரண்டாவது கிருமியால் இறப்பார்.

அசல் தைபொயிட் எச்.ஐ.வி. உள்ளவர்களில் கூடுதலாக வரும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். தன்சானியாவில் மோஷி நகர ஆஸ்பத்திரிகளில் பார்த்தபோது அது எதிர்மாறாக இருந்தது. எச்.ஐ.வி. உள்ளவர்களில் தைபொயிட் குறைவு, தைபொயிட் அல்லாத சல்மொனெல்லா அதிகம். குடும்பம் ஒன்றென்றாலும் பிள்ளைகளின் குணம் வேறு. ஆகவே ஆபிரிக்காவிலிருந்து எச்.ஐ.வி.யோடு காய்ச்சலாக வருகிறவருக்கு வைடால் பார்த்துத் தைபொயிட் என்று எழுதுவது, பல நேரம் தவறான பிள்ளையைப் பிடித்து அடிப்பது.

தைபொயிட் நம் ஊருக்கு வேண்டாத கதை என்று இதற்குப் பொருளில்லை. மணற்பாங்கான கரை. சில அடி தோண்டினால் தண்ணீர். வீட்டோடு வீடு ஒட்டிய நெருக்கத்தில் இந்த வளவின் மலசலகூடக் குழியும் அடுத்த வளவின் கிணறும் ஒரே மணலில்தான் இருக்கின்றன. 2004 சுனாமிக்குப் பின்னர் கிணறுகளை இறைத்துக் குளோரின் போட்டபோது எல்லோருக்கும் இது புரிந்தது. தொற்றுநோயியல் பிரிவு வாரந்தோறும் வெளியிடும் அட்டவணையில் இருபத்தைந்து மாவட்டங்களோடு இருபத்தாறாவது வரியாகக் கல்முனை தனியே இருக்கும். அம்பாறைக்குள் கரைந்து போகாமல் நமக்கென்று ஒரு வரி. அரசியல்வாதிகள் பார்க்கிறார்களோ இல்லையோ, நான் அந்த வரியைப் பார்ப்பேன். ஆனால் அந்த வரியில் நேர்மையான எண் வரவேண்டுமென்றால் சந்தேகத்தில் எழுதிய தைபொயிட்டையும் கிருமி கண்ட தைபொயிட்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, வெளியே பேசாத நோய். இலங்கையில் எச்.ஐ.வி. உள்ள முதல் இலங்கையர் 1987 இல் கண்டறியப்பட்டார். இன்றும் இது தொற்று மிகக் குறைந்த நாடுதான், வயதுவந்தோரில் ஆயிரத்துக்கு ஒருவர்கூட இல்லை. தாயிடமிருந்து பிள்ளைக்குப் பரவுவதை ஒழித்ததற்காக 2019 இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றும் கிடைத்தது. ஆனால் புதிதாகக் கண்டறியப்படுவோர் தொகை ஏறிக்கொண்டு வருகிறது, 2022 இல் அது 600 ஐத் தாண்டியது. சிகிச்சை இலவசம், இரகசியம் காக்கப்படும், கல்முனையிலும் பாலியல் நோய் சிகிச்சை நிலையம் உண்டு.

இருந்தும் ஆட்கள் ஏன் சோதிக்க வருவதில்லை? 2016 இல் குளியாப்பிட்டிப் பக்கத்தில் ஒரு சிறுவனைப் பாடசாலைகள் சேர்க்க மறுத்தன. தகப்பன் எய்ட்ஸால் இறந்தார் என்று ஊரில் கதை. பிள்ளைக்கு எச்.ஐ.வி. இல்லை என்று பரிசோதனை சொன்ன பிறகும் மற்றப் பெற்றோர் அடங்கவில்லை. கடைசியில் கண்டியில் ஒரு கல்லூரி இடம் கொடுத்தது. இல்லாத நோய்க்கே இந்தக் கதி என்றால், இருக்கிறவர் எப்படி வாய் திறப்பார்?

நம் கரையோரத்தில் இன்னொன்றும் உண்டு. வளைகுடாவுக்குப் போகும் பிள்ளை எச்.ஐ.வி. பரிசோதனையை முதன்முதலில் சந்திப்பது 'மெடிக்கலில்'. அங்கே அவன் கேட்பது பாஸா, அன்ஃபிட்டா என்ற இரண்டு சொல்தான். போன இடத்தில் விசா புதுப்பிக்கும்போது அன்ஃபிட் வந்தால் விமானத்தில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். ஏன் என்று பலருக்குச் சொல்வதுகூட இல்லை. ஊருக்கு வந்து, "கம்பனி சரியில்ல, வந்திட்டன்" என்கிறார். அந்த அன்ஃபிட்டுக்குள் என்ன இருந்தது என்று யாரும் விசாரிக்காமல் வருடங்கள் போகின்றன. பிறகு ஒருநாள் காய்ச்சல்.

இப்போது ஒருவரைக் கற்பனை செய்வோம். மத்திய கிழக்கில் சில வருடம், பிறகு கல் வியாபாரத்தில் மடகஸ்கார். வந்து மூன்று வாரத்தில் காய்ச்சல். டெங்கு காலம் என்பதால் டெங்கு பார்க்கிறார்கள், இல்லை. எஸ்.ஏ.டி. பொசிட்டிவ், நெருப்புக்காய்ச்சல் என்கிறார்கள். ஆறாம் நாள் கண் மஞ்சளித்து நினைவு தடுமாறும்போது யாரோ ஒரு தாதி கேட்கிறார்: "தம்பி எங்கயும் வெளிநாடு போய் வந்தவரா?" பல்சிபாரம் என்ற கொடிய வகை மலேரியாவில் ஆறு நாள் என்பது உயிருக்கும் மௌத்துக்கும் இடையிலுள்ள தூரம். வைவாக்ஸ் என்ற மற்றொரு வகை மலேரியா இன்னும் தந்திரமானது, ஈரலில் உறங்கி மாதக்கணக்கில் கழித்தும் எழும். ஆகவே, "இப்ப வந்தீங்களா" என்று கேட்டால் போதாது. "இந்த ஒண்டு ரெண்டு வருஷத்துக்குள்ள எங்கெல்லாம் போனீங்க" என்று கேட்க வேண்டும். மலேரியா உறுதியானாலும் அதோடு இரத்த வளர்ப்பு எடுக்க வேண்டும், எச்.ஐ.வி. பரிசோதனைக்குத் தனியறையில் வைத்துச் சம்மதம் கேட்க வேண்டும். வார்டில் பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்கும்படி கேட்டால் எவரும் வேண்டாம் என்றுதான் சொல்வார். நோயாளியைக் குறைசொல்லும் முன் நம் குரலைக் குறைப்போம்.

மருந்து விடயத்தில் நல்ல செய்திகள் உண்டு. கோட்ரைமொக்சசோல் என்ற பழைய, மலிவான குளிசையை எச்.ஐ.வி. உள்ளவர்கள் தினமும் எடுத்தபோது உகண்டாவில் மரணம் 46 வீதம் குறைந்தது, மலேரியாவும் வயிற்றோட்டமும் கூடவே குறைந்தன. எஃபவிரென்ஸ் என்ற எச்.ஐ.வி. மருந்து, மலேரியாவுக்குக் கொடுக்கும் ஆர்டிமீதர்-லூமிஃபான்ட்ரின் மருந்தின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடும். இப்போது பரவலாகக் கொடுக்கும் டொலுடெக்ரவிர் அந்தத் தொந்தரவைச் செய்வதில்லை. தைபொயிட் தடுப்பூசியில் வாயால் விழுங்கும் உயிர்க்கிருமி வகையை எதிர்ப்புச் சக்தி குன்றியவருக்குக் கொடுக்கக் கூடாது, ஊசியாகப் போடும் வகை போடலாம். தான் என்ன குளிசை போடுகிறேன் என்பதை நோயாளி மருத்துவரிடம் மறைத்தால் இந்தக் கணக்கு எதுவும் சரிவராது.

ஆபிரிக்காவுக்கோ இந்தியாவுக்கோ புறப்படும் உங்கள் காக்காமாருக்கும் மருமக்களுக்கும் இதைச் சொல்லிவிடுங்கள். மலேரியா தடுப்பு இயக்கத்தின் பிராந்திய அலுவலகங்களில் பயணத்துக்கு முன்னரே முற்காப்பு மாத்திரை இலவசமாகக் கொடுக்கிறார்கள். போகுமுன் தொடங்கி, அங்கே இருக்கும்வரை போட்டு, வந்த பின்னும் சொன்ன நாள்வரை விடாமல் போட வேண்டும். பெரும்பாலானோர் வீடு வந்த சந்தோசத்தில் நிறுத்துவது அந்தக் கடைசிப் பகுதியைத்தான். கேள்விகளுக்கு நேரம் இருக்கிறது. எல்லோர் முன்னாலும் கேட்க முடியாத கேள்வி என்றால் துண்டில் பெயர் எழுதாமல் அனுப்புங்கள், பொதுவான கேள்வியாக வைத்துப் பதில் சொல்கிறேன்.